மருத்துவத் திட்டத்தை நாமதான் எடை போடணும்

(கூட்டமைப்பின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் பேசிய உரை)



நான் பத்தாவது வரைக்கும் படிச்சவ. மேடையில பேசிப் பழக்கம் இல்லை. அதனால எழுதி வச்சுக்கிட்டுத்தான் பேசுறேன். தப்பா எடுத்துக்காதீங்க.

விஷயம் என்னன்னா, நம்ம குப்பங்களுக்கு மூணு வருஷமா வாரத்துல ஒரு நாள் ஒரு மருத்துவ வண்டி வருது. டாக்டர் வர்றாங்க, நர்ஸ் வர்றாங்க, இலவசமா மாத்திரை தர்றாங்க. வர்ற மார்ச் மாசத்தோட அந்தத் திட்டம் முடியுது. பணம் கொடுத்தவங்க சார்புல மதிப்பீடு செய்ய ஆளுங்க வரப்போறாங்க. கூட்டமைப்போட கருத்தையும் எழுத்துல கேட்டிருக்காங்க. போன மாசக் கூட்டத்துல, "நல்லா இருந்துச்சு, தொடர்ந்து நடத்தணும்னு ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துடலாம்"னு பேச்சு வந்துச்சு. நான் கொஞ்சம் பொறுங்கன்னு சொன்னேன். அப்போ தலைவி அக்கா, "அப்படின்னா நீயே படிச்சுட்டு வந்து பொதுக்குழுவுல பேசு"ன்னு சொல்லிட்டாங்க.

படிச்சேன். பயிற்சியில கொடுத்த புத்தகங்களைப் பார்த்தேன். கும்மிடிப்பூண்டி முகாமுல இருக்கிற, பயிற்சியில பழக்கமான ஒரு அக்காகிட்டயும் கேட்டேன். போர் நடந்த இடங்கள்ல ஆரம்ப சுகாதாரத் திட்டம் எப்படி நடக்குது, அதை எப்படி எடை போடுறாங்கன்னு தெரிஞ்சுக்கிட்டேன். நமக்கும் போருக்கும் என்ன சம்பந்தம்னு நினைக்காதீங்க. சம்பந்தம் இருக்கு, கடைசியில சொல்றேன்.

முதல்ல ஆரம்ப சுகாதாரம்னா என்னன்னு பார்ப்போம். 1978 செப்டம்பர்ல அல்மா அட்டா என்ற ஊர்ல, அது அப்போ சோவியத் நாட்டுல இருந்துச்சு, உலக நாடுகள் கூடி ஒரு அறிக்கை வெளியிட்டாங்க. நோய் வந்தப்புறம் ஊசி போடறது மட்டும் மருத்துவம் இல்லை. நல்ல தண்ணி, சத்தான சாப்பாடு, தடுப்பூசி, தாய்சேய் நலம், கழிப்பிடம், நோயைப் பத்தின அறிவு, தேவையான மருந்து எல்லாம் சேர்ந்ததுதான் ஆரம்ப சுகாதாரம்னு அதுல இருக்கு. இன்னொன்னும் சொன்னாங்க. திட்டம் போடறதுலயும் நடத்துறதுலயும் மக்களுக்குப் பங்கு உண்டு, அது அவங்க உரிமையும் கடமையும். ஆக, நாம கருத்து சொல்றது யாரும் நமக்குப் போடற பிச்சை இல்லை.

இப்போ போர் நடந்த இடத்துக்கு வருவோம். நமக்குப் பக்கத்துல இலங்கை. 1983-லிருந்து 2009 வரைக்கும் அங்கே போர். வடக்கு, கிழக்குல இருந்த ஜனங்க எத்தனையோ தடவை ஊரைவிட்டு ஓடினாங்க. அந்தப் போருக்கு நடுவுலயும் ஒரு விஷயம் நடந்துச்சு. புலிகள் கையில இருந்த பகுதியிலகூட அரசாங்க ஆஸ்பத்திரிகள் மூடலை. டாக்டர்களுக்கும் நர்சுகளுக்கும் கொழும்பு அரசாங்கம்தான் சம்பளம் கொடுத்துச்சு. ஆனா மருந்து போறதுக்குக் கட்டுப்பாடு இருந்துச்சு. வெளிநாட்டுத் தொண்டு அமைப்புகள் டாக்டர்களை அனுப்பினாங்க, நடமாடும் கிளினிக் நடத்தினாங்க. 2006 ஆகஸ்ட்ல ஏ-9 சாலையை மூடினப்போ ஒரு சாதாரண மருந்து போய்ச் சேர்றதே பெரிய பாடாப் போச்சு.

அங்கே நடந்த ரெண்டு வேலையை மட்டும் சொல்றேன். திட்டத்தை எப்படி எடை போடறதுன்னு அதுல புரியும்.

ஒண்ணு, போலியோ. 1995-லிருந்து சொட்டு மருந்து கொடுக்கிற நாள்ல ரெண்டு பக்கமும் துப்பாக்கியைக் கீழே வைக்க ஒத்துக்கிட்டாங்க. அமைதி நாள்னு அதுக்குப் பேரு. யுனிசெஃப் மாதிரி அமைப்புங்க நடுவுல நின்னு பேசினாங்க. 1993-க்கு அப்புறம் இலங்கையில போலியோ வரலை. "எத்தனை சொட்டு ஊத்தினோம்"கிறது அங்கே கணக்கு இல்லை. "கோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிற குழந்தைக்கும் போச்சா"ங்கிறதுதான் கணக்கு. ஒரு பக்கத்துக் குழந்தையை விட்டுட்டா ரெண்டு பக்கமும் நோய் வரும்.

இன்னொண்ணு, மலேரியா. 1999-ல இலங்கை முழுக்க இரண்டரை லட்சத்துக்கு மேல மலேரியா நோயாளிங்க. வடக்கு, கிழக்குலதான் ரொம்ப அதிகம். ரத்தத்தைச் சோதிச்சு உடனே மருந்து, வீட்டுக்குள்ள மருந்து தெளிப்பு, மருந்து தோய்ச்ச கொசுவலை, இந்த மூணையும் சண்டை நடக்கும்போதே செஞ்சாங்க. 2012 அக்டோபருக்கு அப்புறம் 2016 வரைக்கும் உள்ளூர்ல ஒருத்தருக்கும் மலேரியா பரவலை. 2016 செப்டம்பர்ல உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா இல்லாத நாடுன்னு அறிவிச்சுச்சு. இதுல ஒண்ணு கவனிங்க. அந்தத் திட்டம் ஜெயிக்க ஜெயிக்க, மாத்திரை கொடுத்த கணக்கு குறைஞ்சுக்கிட்டே வந்திருக்கும். நம்ம வண்டிக்காரங்க "இந்த வருஷம் போன வருஷத்தைவிட அதிகம் பேருக்கு மாத்திரை கொடுத்தோம்"னு சொல்றாங்க. அது நல்லதும் இருக்கலாம், கெட்டதும் இருக்கலாம். நோய் ஏன் குறையலைன்னு கேட்கணும் இல்லையா?

நாம ஏலத்துல இறால் வாங்குறோம். தண்ணியோட கூடையைத் தூக்கித் தராசுல வச்சா ஒத்துக்குவோமா? "வடிய விட்டு எடை போடுங்க"ன்னு சண்டை போடுவோம். மருத்துவ வண்டிக் கணக்கும் அதே மாதிரிதான். ஒரே அம்மா பிரஷர் மாத்திரைக்கு 40 தடவை வந்தா 40 நோயாளின்னு நோட்டுல ஏறுது. வடிய விட்டுப் பார்த்தா ஒரு ஆளு. அந்த அம்மாவுக்குப் பிரஷர் இறங்கிச்சா இல்லையாங்கிறது நோட்டுல இல்லை.

கணக்கு தப்பாப் போனா என்ன ஆகும்னு உலகம் ஒரு தடவை பார்த்துச்சு. 1994-ல ஆப்பிரிக்காவுல ருவாண்டா நாட்டுல பெரிய படுகொலை. லட்சக்கணக்கான ஜனங்க எல்லை தாண்டி கோமா என்ற ஊருக்கு ஓடினாங்க. வாந்திபேதியிலயும் சீதபேதியிலயும் முதல் மாசத்துலயே ஏறக்குறைய 50,000 பேர் செத்தாங்க. உதவி செய்ய நிறைய அமைப்புங்க போயிருந்தாங்க. எல்லாருக்கும் வேலை தெரிஞ்சிருக்கலை. அப்புறம் பல நாடுகள் சேர்ந்து ஒரு பெரிய மதிப்பீடு செஞ்சு 1996-ல வெளியிட்டாங்க. அது மாதிரி பாடத்துல இருந்துதான் ஸ்ஃபியர்னு ஒரு கையேடு வந்துச்சு. அகதி முகாமுல ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்குக் குறைஞ்சது 15 லிட்டர் தண்ணி, 20 பேருக்கு ஒரு கழிப்பறை, இப்படி அளவு வச்சாங்க. ஒரு அளவு இருந்தாத்தானே "நீங்க சொன்னது இது, செஞ்சது இது"ன்னு கேட்க முடியும்?

அளக்கிறது டாக்டரால மட்டும்தான் முடியும்னு நினைக்காதீங்க. 1967-லிருந்து 1970 வரைக்கும் நைஜீரியாவுல பயாஃப்ரா போர். பட்டினியில குழந்தைங்க செத்துக்கிட்டிருந்தப்போ, தராசு தூக்கிட்டுப் போக முடியாத இடத்துல, குழந்தையோட மேல் கைச் சுற்றளவை அளந்து யாருக்கு முதல்ல சாப்பாடு தரணும்னு முடிவு பண்ணாங்க. இன்னைக்கு நம்ம அங்கன்வாடியில இருக்கிற மூணு கலர் நாடா அந்த வழியில வந்ததுதான். ஆறு மாசத்துலிருந்து அஞ்சு வயசு வரைக்கும் உள்ள குழந்தைக்கு 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே இருந்தா சிவப்பு, 12.5 வரைக்கும் மஞ்சள், அதுக்கு மேல பச்சை. எழுதப் படிக்கத் தெரியாத அம்மாவும் அளக்கலாம். கூடை பின்னத் தெரிஞ்ச கைக்கு நாடா பிடிக்கத் தெரியாதா?

இப்போ நம்ம மாவட்டத்துக்கே வர்றேன். கும்மிடிப்பூண்டியில இலங்கைத் தமிழர் முகாம் இருக்கறது உங்களுக்குத் தெரியும். 2021-லிருந்து அதை மறுவாழ்வு முகாம்னு சொல்றோம். 1983 கலவரத்துக்கு அப்புறம் வந்த ஜனங்களே சேர்ந்து 1984-ல ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம்னு ஒண்ணு தொடங்கினாங்க. ஆஃபர்னு சுருக்கமாச் சொல்வாங்க. சந்திரஹாசன் ஐயா அதை ஆரம்பிச்சவர். அவங்க செஞ்ச வேலையில எனக்குப் பிடிச்சது என்னன்னா, முகாமுக்குள்ள இருக்கிற பொண்ணுங்களையே சுகாதாரப் பணியாளரா பழக்கினாங்க. வெளியிலிருந்து வர்றவங்க வராத நாள்லயும் வீட்டுக்கு வீடு போய் யாருக்குக் காய்ச்சல், யார் மாசமா இருக்காங்க, எந்தக் குழந்தை மெலிஞ்சிருக்குன்னு பார்க்க ஆள் இருந்துச்சு.

அந்த முகாம் அக்கா சொன்னாங்க: "எங்கட ஊரில மிட்வைஃப் வீட்டுக்கு வந்து பார்ப்பா. இங்க வந்த பிறகு எங்கட பிள்ளைகளே அந்த வேலையைப் பழகிச்சினம். நாளைக்குத் திரும்பிப் போனாலும் அந்தப் படிப்பு எங்களோட வரும்." எனக்கு அது மனசுல நின்னுடுச்சு. வண்டி போயிடும். மருந்து தீர்ந்துடும். படிச்சது மட்டும்தான் ஊர்ல தங்கும்.

சுனாமியை நினைச்சுப் பாருங்க. 2004 டிசம்பர் 26. நம்ம குப்பங்களுக்கும் எத்தனை வண்டி வந்துச்சு, எத்தனை பேனர் கட்டினாங்க! அதுக்கப்புறம் 40-க்கும் மேற்பட்ட அமைப்புங்க சேர்ந்து சுனாமி உதவியை மதிப்பீடு செஞ்சு 2006-ல அறிக்கை விட்டாங்க. முதல் நாட்கள்ல உயிரைக் காப்பாத்தினது வெளியாளுங்க இல்லை, பக்கத்து வீட்டுக்காரங்களும் உள்ளூர்க்காரங்களும்தான்னு அதுல எழுதியிருக்கு. வந்த அமைப்புங்க உள்ளூர் ஜனங்களையும் உள்ளூர் ஆஸ்பத்திரி, பஞ்சாயத்தையும் ஒதுக்கிட்டுத் தாங்களே எல்லாம் செஞ்ச இடங்கள் உண்டுன்னும் எழுதியிருக்கு. நமக்கு அப்பவே தெரிஞ்ச விஷயம்தான். ஆனா நாம எழுதி வைக்கலை, அவங்க எழுதி வச்சாங்க.

இனி நம்ம விஷயம். நம்ம ஏரியில போர் இல்லை. ஆனா பாடு விஷயத்துல மனஸ்தாபம் இல்லாத வருஷம் உண்டா? முகத்துவாரம் அடைஞ்சு மீன் குறையக் குறைய, யார் எங்கே வலை போடறதுங்கிற பேச்சு முத்திப் போகுது. ஊர் ஊரா கட்டுப்பாடு வருது. அந்த ஊர்ல பொண்ணு எடுத்தவங்ககூட போக வர முடியாம நிக்கிறாங்க. ஊர் பேரு சொல்ல மாட்டேன், உங்களுக்கே தெரியும். மருத்துவ வண்டி நிக்கிறது ஒரு குப்பத்துல. மனஸ்தாபம் வந்த நாள்லிருந்து அடுத்த குப்பத்துப் பொம்பளைங்க அங்கே வர்றதில்லை. வண்டிக்காரங்க மேல குத்தம் இல்லை, அவங்களுக்கு நிழல் இருக்கிற இடம், ரோடு இருக்கிற இடம் வேணும். ஆனா வண்டி எங்கே நிக்குதுங்கிறதே யாருக்கு மருத்துவம்னு முடிவு பண்ணிடுது.

அந்தக் குப்பத்துல சுகர் உள்ள ஒரு அக்கா. நண்டு குத்தின கால் புண்ணோட நாலு மாசம் வீட்டுலயே இருந்தாங்க. மஞ்சள் வச்சுக் கட்டினாங்க. கடைசியில புண் கறுத்துப் போய் ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் ரெண்டு விரலை எடுத்தாங்க. இன்னைக்கு அவங்களால தண்ணியில இறங்கி இறால் தடவ முடியலை. அந்த நாலு மாசமும் வண்டி வாராவாரம் வந்துச்சு. நடந்தா பத்து நிமிஷம். வண்டியோட நோட்டைப் பாருங்க, எல்லா வாரமும் கூட்டம். அந்த அக்கா பேரு அதுல இல்லை. வராதவங்க பேரு நோட்டுல எப்படி இருக்கும்?

அதே மாதிரி இருளர் குடியிருப்பு அக்காமாருங்க. விடியறதுக்கு முன்னாடி கையால இறால் பிடிக்கத் தண்ணியில இறங்குறாங்க. அவங்க கரை ஏறும்போது வண்டி கிளம்பிப் போயிடுது. அவங்களும் நோட்டுல இல்லை.

மதிப்பீட்டுக்கு வர்றவங்க கேட்கிற கேள்விகள் ஒரு ஒழுங்குல இருக்கும். பணக்கார நாடுகளோட உதவிக் குழு 1991-ல அஞ்சு கேள்வி வகுத்துச்சு, 2019-ல ஆறாவது ஒண்ணு சேர்த்துச்சு. அதை நம்ம பேச்சுல சொல்றேன்.

ஒண்ணு, ஜனங்களுக்குத் தேவையானதைத்தான் செஞ்சாங்களா? ரெண்டு, அடுத்தவங்க செய்யற வேலையோட ஒத்துப் போச்சா, இல்லை இடிச்சுச்சா? மூணு, செய்யறேன்னு சொன்னதைச் செஞ்சாங்களா? நாலு, போட்ட பணத்துக்கும் நேரத்துக்கும் ஏத்த வேலை நடந்துச்சா? அஞ்சு, அதனால வாழ்க்கையில என்ன மாறுச்சு, நல்லதோ கெட்டதோ? ஆறு, அவங்க போனப்புறம் எது நிக்கும்?

இதுல ரெண்டாவது கேள்வியை விடாதீங்க. வண்டி வர்றதால நம்ம ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போறதை எத்தனை பேர் நிறுத்திட்டோம்? நமக்கு மக்களைத் தேடி மருத்துவம் இருக்கு. 2021 ஆகஸ்ட்ல தொடங்கினது. பிரஷர், சுகர் மாத்திரையை வீட்டுக்கே கொண்டு வர்ற தன்னார்வலர் நம்ம குழுக்கள்ல இருந்து எடுத்த பொண்ணுங்கதான். வண்டியில ஒரு நோட்டு, தன்னார்வலர்கிட்ட ஒரு நோட்டு, நர்சம்மாகிட்ட ஒரு நோட்டு. மூணும் ஒண்ணையொண்ணு பார்த்ததே இல்லை. ஒரே ஆளு ரெண்டு இடத்துலயும் மாத்திரை வாங்கி ரெண்டையும் முழுங்கினா என்ன ஆகும்? வண்டி மார்ச்ல நின்னப்புறம், அங்கே மட்டும் மாத்திரை வாங்கினவங்க ஏப்ரல் மாசம் என்ன செய்வாங்க? உயிர் போற கேள்வி இதுதான். பிரஷர் மாத்திரையைத் திடீர்னு நிறுத்தினா பக்கவாதம் வரைக்கும் போகும்னு நர்சம்மா எத்தனை தடவை சொல்லியிருக்காங்க.

நம்ம மாநிலத்துல ஜனங்களே எடை போடறது புதுசும் இல்லை. தேசிய ஊரக சுகாதார இயக்கம் 2005-ல வந்துச்சு. அதுக்குக் கீழே 2007 வாக்குல ஒன்பது மாநிலத்துல, தமிழ்நாட்டையும் சேர்த்து, மக்கள் கண்காணிப்புன்னு சோதனையா நடத்தினாங்க. ஊர் ஜனங்க கூடி உட்கார்ந்து, நர்ஸ் வர்றாங்களா, தடுப்பூசி போடறாங்களா, மரியாதையாப் பேசறாங்களான்னு பேசி, நல்லா நடந்தா பச்சை, சுமாருக்கு மஞ்சள், மோசத்துக்கு சிவப்புன்னு அட்டை தயாரிச்சாங்க. அட்டையை வச்சு அதிகாரிங்ககிட்ட பேசினாங்க. சண்டை போடறதுக்கு இல்லை, சரி பண்றதுக்கு. சிவப்பு போட்டா வண்டி கோவிச்சுக்கிட்டுப் போயிடும்னு சில அக்காங்க பயப்படுறீங்க. எப்படியும் மார்ச்ல போகப்போறதுதானே. உண்மையைச் சொன்னா அடுத்து வர்றதாவது சரியா வரும்.

நல்லதையும் எழுதணும். வண்டி வந்தப்புறம் மாசமா இருக்கிற பொண்ணுங்க பல பேருக்கு ரத்தசோகை இருக்குன்னு சீக்கிரமே தெரிஞ்சுச்சு. மழைக்காலத்துலகூட அந்த டாக்டரம்மா சேத்துல இறங்கி நடந்து வந்தாங்க. அதையெல்லாம் மறைச்சா நமக்கு நாக்கு அழுகிடும்.

கடைசியா, கூட்டமைப்பு எழுதிக் கொடுக்கிற கடிதத்துல இந்த அஞ்சு விஷயம் இருக்கணும்னு கேட்டுக்கிறேன். பிடிச்சா கை தூக்குங்க, பிடிக்கலைன்னா மாத்துங்க.

முதலாவது, மதிப்பீட்டுக்கு வர்றவங்க வண்டி நிக்கிற இடத்துல மட்டும் பேசக் கூடாது. வராத குப்பத்துக்கும் இருளர் குடியிருப்புக்கும் போகணும். ஒவ்வொரு குழுவும் தன் தெருவுல வண்டிக்குப் போகாத வீடுகளை மட்டும் ஒரு பட்டியல் எழுதித் தரட்டும். போனவங்க பேரு அவங்ககிட்டயே இருக்கு.

ரெண்டாவது, மார்ச்சுக்கு முன்னாடி வண்டியில தொடர்ந்து மாத்திரை வாங்குறவங்க பட்டியலை, அவங்கவங்க சம்மதத்தோட, ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் தன்னார்வலருக்கும் ஒப்படைக்கணும்.

மூணாவது, மீதி இருக்கிற மாசங்கள்ல வண்டி ஒரு வாரம் இந்தக் குப்பம், ஒரு வாரம் அந்தக் குப்பம்னு மாறி மாறி நிக்கணும். நேரத்தையும் சாயங்காலத்துக்கு மாத்தணும். இதுக்கு ரெண்டு ஊர்ப் பெரியவங்ககிட்டயும் கூட்டமைப்பே பேசட்டும். இலங்கையில துப்பாக்கியையே ஒரு நாளைக்குக் கீழே வச்சாங்க. நம்ம ஆம்பளைங்க வாரத்துல ஒரு மத்தியானம் கோபத்தைக் கீழே வைக்க மாட்டாங்களா?

நாலாவது, பிரஷர் பார்க்கிறது, சுகர் பார்க்கிறது, கால் புண் கழுவிக் கட்டறது, கை நாடா பிடிக்கிறது இதையெல்லாம் ஒவ்வொரு குப்பத்துலயும் ரெண்டு பேருக்குக் கத்துக் கொடுத்துட்டுப் போகணும். அதுல ஒருத்தர் இருளர் குடியிருப்புல இருந்து இருக்கணும்.

அஞ்சாவது, மதிப்பீட்டு அறிக்கை வந்ததும் தமிழ்ல ரெண்டு பக்கத்துக்குச் சுருக்கி நம்ம கூட்டத்துல படிக்கணும். நம்ம உடம்பைப் பத்தி எழுதினதை நாமதானே முதல்ல கேட்கணும்?

இன்னொண்ணு, இது நமக்கு நாமே செய்ய வேண்டியது. ஊராட்சியில கிராம சுகாதாரக் குழுன்னு ஒண்ணு இருக்கு, அதுக்கு வருஷத்துக்கு 10,000 ரூபாய் வரைக்கும் நிதி வரும். அந்தக் குழுவுல நம்ம உறுப்பினர் யார் யார், கடைசியா எப்போ கூடினாங்கன்னு அடுத்த மாசக் கூட்டத்துல கேட்போம். வரவு செலவு எழுதி, கடன் தவணையைப் பைசா பாக்கி இல்லாம வசூல் பண்ணத் தெரிஞ்ச நமக்கு இந்தக் கணக்கும் தெரியும்.

  கடிதத்துக்குக் கை தூக்கறவங்க, பின்னாடி உட்கார்ந்திருக்கிற தங்கச்சிங்களும் சேர்த்து, நல்லா உயர்த்தித் தூக்குங்க.